இடதுபக்கக் கார்ப்பரேட்டர்

அப்துல் கையூம் பாயின் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. முதல் பலகையைக் கடல்காற்று மூன்று வருஷத்தில் தின்றது. இரண்டாவது நான்கு வருஷம் தாக்குப்பிடித்தது. மூன்றாவதுக்கு அவருக்கு மனசு வரவில்லை. மரக்காணத்தில் இரும்பைக் கொண்டுவந்து வெளியே மாட்டுவதும் உப்புக்குத் தீனி போடுவதும் ஒன்று என்று சொல்லிவிட்டார். பலகை இல்லாததால் யாரும் வழி தவறியதாகத் தெரியவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பளம் தெரிய ஆரம்பிக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி, “கார்ப்பரேட்டர் பாய் எங்க?” என்று கேட்டால் போதும். டீக்கடையில் டம்ளர் கழுவுகிறவர்கூடக் கையை நீட்டிவிடுவார்.

பன்னிரண்டு வருஷம் ரியாத்தில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்துவிட்டுப் பாய் ஊர் திரும்பியபோது, புது வண்டிகளில் கார்ப்பரேட்டரே இல்லாமல் போகப்போகிறது என்று பேச்சாக இருந்தது. பாய் எப்படிப் பிழைப்பார் என்று ஊரே கவலைப்பட்டது. அடுத்தவன் பிழைப்பைப் பற்றிக் கவலைப்படுவதில் ஊருக்கு ஒரு சுகம். நடந்தது வேறு. பழைய வண்டிப் பைத்தியம் பிடித்தவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். ஆரோவில்லில் இருந்தும் சென்னையில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். வர முடியாதவர்கள் கார்ப்பரேட்டரை மட்டும் கழற்றி, பழந்துணியில் சுற்றி, கூரியரில் அனுப்பினார்கள். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார நேரமில்லை.

அவர் பெயர் இப்படிப் பரவியதற்குக் காரணம் ஒரு சின்ன விஷயம். கார்ப்பரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. அதன் நடுவில் ஒரு ஓட்டை. வண்டி வேகம் எடுக்கும்போது எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை அந்த ஓட்டைதான் தீர்மானிக்கிறது. அது அடைத்துக்கொண்டால் பெரும்பாலான மெக்கானிக்குகள் ஊக்கையோ கம்பியையோ விட்டுக் குத்துவார்கள். அடைப்பு போகும், கூடவே ஓட்டையும் பெரிதாகும். பெரிதான ஓட்டையை எந்தக் கொம்பனாலும் சின்னதாக்க முடியாது. கையூம் பாய் ஜெட்டுக்குள் இரும்பை விட்டதே இல்லை. தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி இருக்கிறதே, அந்த நைலான் நரம்பைத்தான் விடுவார். கைப்பிடிக்கு வாகாக, அதன் ஒரு நுனியைத் தீக்குச்சியில் காட்டி உருக்கிக் கடுகுபோல ஒரு மொட்டு வைத்துக்கொள்வார். மறுநுனியை ஓட்டைக்குள் விட்டு, முன்னும் பின்னும் இழுப்பார். அழுக்கு வரும், பித்தளைக்குக் கீறல் விழாது. இருபது வயதில், கடற்கரைக் குப்பத்தில் வலை பழுது பார்ப்பவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவருக்குத் தோன்றிய யோசனை இது. வேறு எந்த மெக்கானிக்கும் இப்படிச் செய்து அவர் பார்த்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. பெருமையை மறைத்துக்கொள்கிற ஆளும் அல்ல. வருகிறவர்களிடம் எல்லாம், “இந்தக் கை இதுவரைக்கும் ஒரு ஜெட்டையும் கெடுத்ததில்ல” என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

அந்தக் கைக்குத்தான் போன பங்குனியில் சோதனை வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், எவர்சில்வர் தூக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு செந்தமிழ் வந்தாள். கலியமூர்த்தியின் மகள். குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்க்கிறாள். இருபத்து நான்கு வயதுப் பெண் தூக்கோடு வந்தால் சாம்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். திறந்தால் உள்ளே இரண்டு கார்ப்பரேட்டர்கள் இருந்தன.

“எங்கப்பாவோட ராஜ்தூத் முந்நூத்தி அம்பது, பாய். எஞ்சினப் பாண்டிச்சேரில குடுத்து முடிச்சிட்டேன். இது ரெண்ட மட்டும் நீங்கதான் பாக்கணும்.”

பாய் தூக்கை வாங்கினார். அந்த வண்டியை அவருக்குத் தெரியும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்ததே அந்த ஒன்றுதான். இரண்டு சிலிண்டர், இரண்டு கார்ப்பரேட்டர், ஓடினால் காதைப் பிய்க்கும்.

“உங்கப்பா இத எடைக்குப் போட்டுட்டாருன்னு நெனச்சேன்.”

“போடத்தான் சொன்னாரு. நான்தான் உடல. ஓட்டக் கத்துக்கிட்டு நானே ஓட்டப் போறேன். அவரு பயப்படுறாரு. ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்றாரு, ஆயில் ஊத்த மறந்துடாத, நான் மறந்து கெட்டேன், நீ மறந்துடாதன்னு.” அவள் சிரித்தாள். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். “எஞ்சினத் தொறந்த மெக்கானிக் ஒண்ணு சொன்னாரு, பாய். இடதுபக்கத்துப் பிஸ்டன்தான் தேஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துதாம். வலதுபக்கம் புதுசு மாதிரி இருக்குதாம்.”

பாய் தலையை ஆட்டினார். அவருக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். கலியமூர்த்திக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அப்பா அரசப்பன் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர், கோபக்காரர், பிள்ளை ஆசைப்பட்டான் என்று அந்தப் பழைய வண்டியை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை கையூமிடம் கார்ப்பரேட்டர் கழுவிக்கொண்டு போனான். மறுநாள் காலை, உப்பளத்தை ஒட்டிய நேர் ரோட்டில் வண்டியை முழு வேகத்தில் முறுக்கினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. சூடு தாங்காமல் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஓடுகிற வண்டியில் அது நடந்தால் பின்சக்கரம் கட்டிப்போட்டதுபோல நின்றுவிடும். வண்டி சரிந்து, வலது முழங்கால் நொறுங்கி, மூன்று ஆபரேஷன் ஆகியும் அந்தக் கால் மடங்கவில்லை.

விழுந்த வண்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி அரசப்பன் வீட்டு வாசலில் போட்டபோது, பார்க்கச் சொல்லிக் கையூமைத்தான் கூப்பிட்டார்கள். அவர் இடதுபக்கத்தைத் திறந்து பார்த்தார், பிஸ்டன் ஒட்டியிருந்தது. ஆயில் டேங்கைப் பார்த்தார், காலியாக இருந்தது. வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். “ஆயில் ஒரு சொட்டு இல்ல. ஆயில் ஊத்தாம ஓட்டிருக்கான்” என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆனால் ஊரில் மெக்கானிக் சொல்லும் டாக்டர் சொல்லும் ஒன்று. ஆஸ்பத்திரியில் கிடந்த கலியமூர்த்தி, காலையில்தான் ஊற்றினேன் என்று அழுதான். யாரும் நம்பவில்லை. அரசப்பன் சாகிற வரைக்கும், வீட்டுக்கு வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், “எண்ண ஊத்தாம ஓட்டி ஒரு காலத் தொலச்சான் எம்புள்ள” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வருஷக்கணக்கில் கேட்டால் எவனுக்கும் சந்தேகம் வரும். கலியமூர்த்திக்கும் வந்தது. ஊற்றினேன் என்பது ஊற்றினேனோ ஆகி, கடைசியில் ஊற்றவில்லை என்று ஆனது. அதோடு நிற்கவில்லை. பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். காஸ் அடுப்பை மூன்று தரம் தொட்டுப் பார்ப்பார். காலை மடக்கிப் பாத்தியில் உப்பு வார முடியாது என்பதால், உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. மோட்டார்க் கொட்டகையைப் பூட்டிவிட்டு முப்பதடி நடப்பார், திரும்பி வருவார், இழுத்துப் பார்ப்பார், மறுபடி நடப்பார். ஊர் அவருக்கு ‘மூணுவாட்டி’ என்று பேர் வைத்தது. நம் ஊர்கள் பேர் வைப்பதில் மட்டும் சோம்பேறித்தனம் காட்டுவதே இல்லை.

பாய்க்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் அவருக்குத் தூக்கம் கெட்டதில்லை. தான் உள்ளதைத்தானே சொன்னோம் என்று இருந்தார்.

வேலையை எப்போதும்போலத் தொடங்கினார். வலதுபக்கத்துச் சாமான்களுக்கு ஒரு டப்பா, இடதுபக்கத்துக்கு ஒரு டப்பா. கலக்கவே மாட்டார். இரண்டிலும் வெளியே உப்புப் பூத்து வெள்ளைப் பொடி படிந்திருந்தது. கீழ்க்கிண்ணங்களைக் கழற்றினார். பெட்ரோல் காய்ந்து, பழைய வெல்லப்பாகுபோலப் பழுப்பாக ஒட்டிக் கிடந்தது. மிதவைகளை எடுத்தார், ஊசிகளை எடுத்தார், ஜெட்டுகளைத் திருகிக் கழற்றினார். எல்லாவற்றையும் தின்னரில் ஊறப்போட்டார். பிறகு, திண்டிவனத்தில் கடையைக் காலிசெய்த ஒரு கண்ணாடிக்கடைக்காரரிடம் வாங்கிய மெஷினில் போட்டார். மூக்குக்கண்ணாடி கழுவுகிற மெஷின்தான், தண்ணீருக்குள் அதிர்ந்து அழுக்கைக் கழற்றும். அதற்கு ஊற்றுகிற தண்ணீர்கூடப் போர் தண்ணீர் அல்ல, போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் உப்புத் தங்கிவிடும். எதிரே இருக்கிற ஸ்கேன் சென்டரின் ஏசியில் இருந்து சொட்டுகிற தண்ணீரை ஒரு கேனில் பிடித்து வைத்திருப்பார்.

கழுவி முடித்து, வலதுபக்க ஜெட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். ஓட்டைக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. இடதுபக்க ஜெட்டைப் பார்த்தார். இருட்டாக இருந்தது. பாகு இன்னும் கரையவில்லை என்று மறுபடி ஊறப்போட்டார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தார். வாயில் வைத்து ஊதினார், காற்றுக் கொஞ்சம் கசிந்தது. திருப்பிப் பார்த்தார். அகலமான பக்கத்து வாய்க்குள், பச்சையாக ஒரு மயிர் நீட்டிக்கொண்டிருந்தது.

சாமணத்தால் பிடித்து இழுத்தார். வரவில்லை. பின்பக்கமிருந்து வேறொரு தங்கூசியை விட்டு மெல்லத் தள்ளினார். வந்து உள்ளங்கையில் விழுந்தது. அரை அங்குலம் பச்சைத் தங்கூசி. ஒரு நுனி அறுந்திருந்தது. மறுநுனியில் கடுகுபோல ஒரு மொட்டு.

யார் வைத்த மொட்டு என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். கலியமூர்த்தி பக்கத்தில் நின்று சீக்கிரம் சீக்கிரம் என்றான். அவரும் அவசரமாக இழுத்தார், தங்கூசி அறுந்தது. மொட்டுத் துண்டு தரையில் விழுந்திருக்கும் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி, குனிந்து தேடவில்லை. ஜெட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். அன்றைக்கு அதையும் செய்யவில்லை. தொழுகை எங்கேயும் ஓடிப்போய்விடாது, ஐந்து நிமிஷம் பிந்திப் போயிருந்தால் கடைசி வரிசையில் நின்றிருப்பார், அவ்வளவுதான். பூட்டி, தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துக் கொடுத்துவிட்டார். மெதுவாகப் போகும்போது அந்த ஜெட்டுக்கு வேலையே இல்லை, அதனால் வண்டி சமத்தாக ஓடியது.

மொட்டு ஓட்டையை முழுசாக அடைத்திருந்தால்கூட நல்லதாகப் போயிருக்கும். வேகம் பிடிக்காமல் திக்கி, வண்டி மறுபடி பட்டறைக்கே வந்திருக்கும். அது பாதி அடைத்தது. முழு வேகத்தில் முறுக்கும்போது இடதுபக்கத்துக்குப் பெட்ரோல் பற்றாமல் போய், சூடு ஏறி, பிஸ்டன் ஒட்டிக்கொண்டது. ஆயில் இல்லாமல் ஒட்டியிருந்தால் இரண்டு பக்கமும் அல்லவா ஒட்ட வேண்டும்? வலதுபக்கத்தை அன்று அவர் திறந்தே பார்க்கவில்லை. ஆயில் டேங்க் காலியாக இருந்தது உண்மை. வண்டி தலைகுப்புறக் கிடந்ததும், டேங்க் மூடி தெறித்துப் போயிருந்ததும் உண்மை. ரோட்டோரத்து மண் கறுத்துக் கிடந்ததாக யாரோ சொன்னது இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஊற்றிய எண்ணெய் அங்கே கிடந்திருக்கிறது.

கலியமூர்த்தி ஊற்றியிருக்கிறார். அவர் ஊற்றியதை, ஊற்றவில்லை என்று பத்துப் பேர் முன்னால் சொன்னது இந்த வாய்.

அந்தத் துண்டை அவர் ஊதித் தள்ளியிருக்கலாம். ஒரு மூச்சுக் காற்று போதும், பட்டறைப் புழுதியில் கலந்திருக்கும். தள்ளவேண்டும் என்று தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது, இரண்டு தரம் தோன்றியது. வாயைக்கூடக் குவித்தார். கடைசியில் அதை ஜெட்டோடு சேர்த்து ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் வேலை ஓடவில்லை. செந்தமிழ் போன் செய்தாள். புது ஜெட் சென்னையில் இருந்து வரணும் என்றார். புது ஜெட் அவரிடமே நான்கு இருந்தது. மனுஷனுக்கு ஒரு பொய் சொல்லிப் பழகிவிட்டால் அடுத்தது தானாக வந்துவிடுகிறது.

வியாழக்கிழமை மதியம் சாப்பிடும்போது மனைவி ஆரிஃபாவிடம் சொன்னார். டப்பாவைத் திறந்து காட்டினார். அவள் கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“இதுவா?”

“இதான்.”

“இப்பப் போய்ச் சொன்னா அவரு காலு மடங்குமா?”

“மடங்காது.”

“உங்ககிட்ட வேல குடுக்குறவங்களுக்குத் தெரிஞ்சா?”

“தெரிஞ்சா பேரு போகும். கார்ப்பரேட்டர் பாய் கார்ப்பரேட்டராலயே ஒருத்தன் கால ஒடச்சாருன்னு பேசுவாங்க. நல்லாப் பேசுவாங்க.”

ஆரிஃபா இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அவர் கையை வைக்கவில்லை. அவளே சொன்னாள்.

“போன மாசம் நான் திண்டிவனம் போறப்ப அந்த மனுசன் பஸ்ல இருந்தாரு. பஸ் எடுத்து ரெண்டு ஸ்டாப் போயிடுச்சு. திடீர்னு எழுந்து, நிறுத்துங்க, மோட்டார ஆஃப் பண்ணல, நான் எறங்கணும்னாரு. அந்தக் கால இழுத்துக்கிட்டு எறங்குறாரு. பஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க.” டப்பாவை மூடி அவர் பக்கமாகத் தள்ளினாள். “நானும் சிரிச்சேங்க.”

பாய் டப்பாவைக் கையில் எடுத்தார்.

“இது அமானத்து. அந்த மனுசனோட சாமான் நம்ம கைல மாட்டிக்கிட்டு இருந்துருக்குது. காலு இல்ல, அவரோட பேச்சு. ஊத்துனேன்னு அவரு சொன்ன பேச்சு. அத நாம வச்சுக்கக் கூடாது. சாப்புட்டுட்டுப் போங்க. சாப்புடாமப் போனா மயக்கம் வந்து, அவரு உங்களத் தூக்கிக்கிட்டு வரணும்.”

பாய் சாப்பிட்டார். சோறு இறங்கியது, அதில் அவருக்கே வெட்கமாக இருந்தது.

நான்கு மணிக்கு உப்பளத்துக்குப் போனார். பங்குனி வெயில் பாத்திகளின் மேல் பட்டுக் கண் கூசியது. பெண்கள் உப்பு வாரி முடித்து, கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார்க் கொட்டகை வாசலில் கலியமூர்த்தி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு அதிகமாக நரைத்திருந்தது. பாயைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“உக்காருப்பா.”

“வாங்க பாய். இந்தப் பக்கம் வரவே மாட்டீங்களே. பாப்பா வண்டிய ரெடி பண்ணிட்டீங்களா? நான் வேணாம்னு சொன்னேன், கேக்கல. ஆயில் டேங்குல கோடு மாதிரி எதுனா போட்டுக் குடுங்க பாய், எவ்ளோ இருக்குதுன்னு வெளியேருந்தே தெரியறாப்ல. என்ன மாதிரி அவளும் மறந்துட்டான்னா...”

வரும் வழியில் பாய் எப்படித் தொடங்குவது என்று ஒன்றுக்கு இரண்டாகப் பேசிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பேச்சு ஒன்றும் இப்போது வரவில்லை. டப்பாவைத் திறந்து நீட்டினார்.

“நீ மறக்கல, கலியமூர்த்தி.”

“என்னது?”

“நீ அன்னிக்கு ஆயில் ஊத்திருக்க. வண்டி கவுந்ததுல கொட்டிப் போச்சு. எஞ்சின் புடிச்சது ஆயில் இல்லாம இல்ல. இதால. இடதுபக்கத்து ஜெட்டுக்குள்ள இது மாட்டிக்கிட்டு இருந்துது. தங்கூசி. நான் வச்ச மொட்டு. கழுவுறப்ப அறுந்து உள்ளயே நின்னுடுச்சு, நான் பாக்கல. அவசரத்துல பாக்காமப் பூட்டிட்டேன்.”

கலியமூர்த்தி டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பச்சைத் துண்டை விரலால் தொடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கொட்டகைக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பாய் நின்றுகொண்டே இருந்தார். அடிக்கட்டும் என்றிருந்தது அவருக்கு. வாய்க்கு வந்தபடி திட்டினால்கூட மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தார்.

“முழுசாத் தெரியுமா பாய்? இல்ல, இருக்கலாம்னு சொல்றீங்களா?”

“முழுசா. வலதுபக்கம் தேயவே இல்லன்னு உம்பொண்ணுகிட்டப் பாண்டிச்சேரி மெக்கானிக் சொல்லிருக்காரு. ஆயில் இல்லன்னா ரெண்டும் போயிருக்கும்.”

“ஆயில் டப்பா மூடி இறுக்கமா இருந்துது” என்றார் கலியமூர்த்தி. தனக்குத்தானே பேசுவதுபோல இருந்தது. “பல்லால கடிச்சுத்தான் தொறந்தேன். எண்ண நாக்குல பட்டுது. துப்பிட்டு, வாய்க்கா தண்ணில கொப்புளிச்சேன். அது உப்புத் தண்ணி. உப்பும் எண்ணையுமா வாயெல்லாம் ஒரு கசப்பு. ஆஸ்பத்திரில கெடந்தப்பகூட அந்தக் கசப்பு இருந்துது பாய். அத எப்டி நானே கற்பனை பண்ணிக்கிட்டேன்னு யோசிச்சு யோசிச்சு... இல்லாத கசப்பு எப்டி ஒருத்தன் வாய்ல இருக்கும்னு...”

ஐம்பது வயது மனிதர் சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாயும் அழுதார். அதை மறைக்க அவர் முயற்சி செய்யவில்லை.

“எங்கப்பா செத்துட்டாரு பாய்.”

“தெரியும்.”

“அவருகிட்ட யாரு போய்ச் சொல்றது?”

மன்னித்துவிடு என்று கேட்கலாம் என்று பாய் ஒரு கணம் நினைத்தார். கேட்டால் கலியமூர்த்தி சரி என்றுதான் சொல்வார், அப்படிப்பட்ட ஆள். அந்தச் சரியை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் கேட்கவில்லை.

கலியமூர்த்தி டப்பாவை மூடினார்.

“இத நான் வச்சுக்கட்டுமா?”

“உன்னுதுதான்.”

“அன்னிக்குப் பத்துப் பேரு முன்னாடி சொன்னீங்க. அதுல நாலு பேரு இன்னும் இருக்காங்க. இருசப்பன் இருக்காரு. அப்புறம் வீட்ல என் பொண்டாட்டி மங்கம்மா இருக்கா. அவகிட்ட நான் சொன்னா, மூணுவாட்டி சொன்னாலும் நம்ப மாட்டா. நீங்க வந்து சொல்லணும்.”

“வர்றேன். இப்பவே வர்றேன். இருசப்பன் கிட்டயும் சொல்றேன். டீக்கட வாசல்ல நின்னு சொல்லணும்னாலும் சொல்றேன்.”

“டீக்கடலயும் சொல்லணும்” என்றார் கலியமூர்த்தி. குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் காரம் இருந்தது. பாய்க்கு அது நல்லதாகப் பட்டது.

“சொல்றேன்.”

கலியமூர்த்தி உள்ளே போய் மோட்டாரை நிறுத்தினார். அத்தனை நேரம் ஓடிய சத்தம் நின்றதும், கரையில் உப்புக் கொட்டுகிற பெண்களின் பேச்சு கேட்டது. வெளியே வந்து, கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி அழுத்தினார். ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். யாராக இருந்தாலும் அது செய்வதுதான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் நடக்க ஆரம்பித்தார். பாய் பின்னாலேயே நடந்தார்.

மடங்காத கால் ஒவ்வொரு எட்டுக்கும் பக்கவாட்டில் ஒரு வட்டம் போட்டு முன்னே வந்தது. அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டேதான் பாய் நடந்தார். பார்க்காமல் இருக்க அவருக்கு இனி உரிமை இல்லை என்று தோன்றியது. முப்பதடி வந்தது. அங்கே வரப்பு கொஞ்சம் அகலமாக இருக்கும், வருஷக்கணக்காக ஒரே இடத்தில் திரும்பித் திரும்பி மண் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இடம். உப்பைக் குவித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து, இப்போது திரும்புவார் என்று பக்கத்தில் இருந்தவளுக்குக் கண்ணைக் காட்டினாள்.

கலியமூர்த்தி நின்றார். கை இடுப்பில் இருந்த சாவிக்குப் போனது. பாயும் நின்று, திரும்பி வர அவருக்கு வழிவிட்டு வரப்பு ஓரத்தில் ஒதுங்கினார்.

“பூட்டிட்டேன்” என்றார் கலியமூர்த்தி.

பாயிடம் சொன்னதாகத் தெரியவில்லை. சாவியில் இருந்து கையை எடுத்து, சட்டைப்பையில் இருந்த மாத்திரை டப்பாவை ஒருமுறை தொட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பள்ளத்தைத் தாண்டி ரோட்டைப் பார்த்து நடந்தார்.